டீச்சரின் அம்மா என்ன நிறம்

நான் எதையும் அழிக்க மாட்டேன். பயத்தில் வந்த பழக்கம் இது. ஒரு கல்யாண பேனரை முடித்து 'ரெடி' என்று பெயர் கொடுத்துச் சேவ் செய்வேன். மாப்பிள்ளை வீட்டார் ஓடி வந்து, தாய்மாமன் படத்தை விட்டுவிட்டோம், சேர்த்துவிடுங்கள் என்பார்கள். அது 'ரெடி புதுசு'. சாயங்காலம் அந்தத் தாய்மாமனோடு ஏதாவது சண்டை வந்து, அவரை எடுத்துவிடச் சொல்லிப் போன் வரும். அது 'ரெடி புதுசு மாமா இல்லாம'. பந்தல் போடுவதற்குள் சமாதானம் ஆகிவிடுவார்கள். 'ரெடி புதுசு மாமாவோட கடைசி'. இத்தனையும் கம்ப்யூட்டரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மெஷினுக்கு அனுப்பும் நேரத்தில் எந்த ஃபைலைத் தொட்டோம் என்று மறுபடி மறுபடி திறந்து பார்ப்பேன். மாமா இல்லாத பேனர் மண்டப வாசலில் ஏறிவிட்டால் யார் பதில் சொல்வது?

நீடாமங்கலத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தட்டச்சு கற்றுக்கொண்டால் எங்காவது உட்கார்ந்து பிழைக்கலாம் என்று அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தட்டச்சு மெஷின்களை மூலையில் அடுக்கிவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அப்படியே இந்த வேலைக்கு வந்தேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழும்பிக் கேள்வி கேட்டால் இன்றைக்கும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவேன். 'இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன் மேலேயே எழுதட்டுமா' என்று கேட்கும் பெட்டி ஒன்று உண்டு. அதற்கு நான் எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வேறு பெயர் கொடுப்பேன். அப்புறம் அதையே பென் டிரைவில் ஒன்று, என் போனில் ஒன்று. "நீ தூக்கத்துலயும் சேவ் பண்ற, கை தானா ஆடுது" என்று வீட்டுக்காரர் சொல்வார்.

பெயர்க் குழப்பத்தை விடப் பெரிய தலைவலி கலர். திரையில் தெரிகிற சிவப்பு வேறு, மெஷின் துப்புகிற சிவப்பு வேறு, அதை வெயிலில் கட்டினால் வருகிற சிவப்பு வேறு. எங்கள் மெஷினில் நாலு மை. நீலம், ரோஸ், மஞ்சள், கருப்பு. இந்த நாலையும் புள்ளி புள்ளியாகத் தெளித்துத்தான் உலகத்தில் உள்ள எல்லாக் கலரையும் அது செய்கிறது. மஞ்சள் மை வருகிற துளை கொஞ்சம் அடைத்துக்கொண்டால் போதும், மாப்பிள்ளை ரோஸ் பவுடர் பூசியதுபோல ஆகிவிடுவார். மை பாட்டில் மாற்றினால் ஒரு கலர், மழைநாளில் ஒரு கலர். ஒரு கட்சிக்காரர் தன் கொடியின் கலர் பக்கத்துக் கட்சியின் கலர் மாதிரி வந்துவிட்டது என்று கடைக்கு முன்னால் நின்று கத்தியதை நான் இன்னும் மறக்கவில்லை. கத்தியவர் மறந்திருப்பார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த பயங்கள். தெரியாமல் ஒன்றைச் செய்துகொண்டே இருந்திருக்கிறேன் என்பது டீச்சர் வந்தபோதுதான் தெரிந்தது.

பொங்கல் முடிந்திருந்தது. சம்பா அறுப்பு. ரோடு முழுக்க நெல் ஏற்றிய டிராக்டர்கள், கடைக்குள் கூடத் தூசி. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூட டீச்சராக இருப்பவர், என் வயதுதான் இருக்கும், கையில் ஒரு சுருட்டிய ஃபிளெக்ஸோடு வந்தார். அவருடைய அம்மா இறந்து முதல் வருஷத்துக்கு எங்கள் கடையில் அடித்த நினைவு அஞ்சலி பேனர் அது. மேசையில் விரித்தார்.

"இத நீங்கதான் பண்ணுனீங்களா?"

"ஆமாங்க டீச்சர்." தேதி தப்போ, உறவுமுறை தப்போ என்று கண் ஓடியது.

"எழுத்தெல்லாம் சரியா இருக்கு. ஒன்னும் தப்பில்ல. படந்தான்." அவர் விரலை அந்த முகத்தின் மேல் வைத்தார். "எங்கம்மா இந்தக் கலர் இல்லைங்க."

புது வீடு கட்டியிருந்தார். தை மாதக் கடைசியில் குடிபோகிறார்கள். கூடத்தில் அம்மாவின் படத்தைப் பெரிதாக மாட்ட வேண்டும். அவருடைய அம்மா ஊரில் அடுத்தவர் வயல்களில் நடவு நட்டும் களை பறித்தும் இவரை டீச்சர் டிரெயினிங் வரை படிக்க வைத்தவர். வீடு கட்டி முடிக்கும்போது இல்லை.

"செவுத்துல மாட்டுனா இனிமே எறக்கப் போறதில்ல. எம் பொண்ணு பெருசாவும்போது இதுதான் நம்ம அம்மாயின்னு பாக்கும். அது எங்கம்மாவா இருக்கணும்ல? இது யாரோ மாதிரி இருக்கு. டிவில வர்ற அம்மா மாதிரி."

நான் படத்தைப் பார்த்தேன். சந்தன நிறத்தில், கன்னத்தில் ஒரு பளபளப்போடு, ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அப்படி ஆக்கியது நான்தான். ஆனால் எப்போது செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஃபிளெக்ஸ் கடைகளில் ஒரு முகம் வந்தால் முதல் வேலை அதை ஏத்துவது. கலரை ஏத்துவது என்றால் வெளுப்பாக்குவது. யாரும் கேட்க வேண்டாம். காது குத்துகிற குழந்தையோ, கட்சியில் பதவி வாங்கியவரோ, செத்துப்போனவரோ, முகத்தையும் கழுத்தையும் மட்டும் மவுஸால் வளைத்துப் பிடித்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுவோம். ஏத்தாமல் அடித்துக் கொடுத்தால்தான் கேள்வி வரும், "என்னங்க இருட்டா இருக்கு?" என்று. அதை ஒரு மாற்றம் என்றே நான் நினைத்ததில்லை. மேசையைத் துடைத்துவிட்டு வேலை ஆரம்பிப்பதுபோல. அதனால்தான் தாய்மாமன் போனாலும் வந்தாலும் தனித்தனிப் பெயர் கொடுக்கிறவள், முகத்தை ஏத்தும்போது மட்டும் பெயர் மாற்றாமல் அதன் மேலேயே சேவ் செய்திருக்கிறேன்.

"பழைய படம் எங்கிட்ட இருக்கும் டீச்சர்" என்று தைரியமாகச் சொன்னேன். நான்தான் எதையும் அழிக்காதவளாயிற்றே.

இருந்தன. இறந்த அன்றைக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி, பதினாறாம் நாள் படத்திறப்புப் பத்திரிகை, முதல் வருஷ நினைவு அஞ்சலி. ஒவ்வொன்றிலும் 'கடைசி', 'கடைசி சரி', 'பிரிண்ட் கடைசி' என்று கிளைகள். எல்லாவற்றையும் திறந்து திரையில் அடுத்தடுத்து வைத்தேன். படத்திறப்புக்குக் கண்ணீர் அஞ்சலியிலிருந்த முகத்தை எடுத்திருந்தேன். எடுத்ததும் வழக்கம்போல ஏத்தியிருந்தேன். நினைவு அஞ்சலிக்குப் படத்திறப்பிலிருந்து எடுத்திருந்தேன். மறுபடி ஏத்தியிருந்தேன். அந்த அம்மா திரையில் இடமிருந்து வலமாக வெளுத்துக்கொண்டே போனார்.

கடைக்காரர் அண்ணன் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். எதையும் யோசிக்காமல் பேசிவிடுகிற மனுஷன். "இப்புடியே போனா இன்னும் ரெண்டு வருசத்துல அம்மா வெள்ளைக்காரி ஆயிருவாங்க போலருக்கே" என்றார்.

எனக்கு அவர் வாயைப் பொத்தலாம்போல இருந்தது. டீச்சர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எங்கம்மா கேட்டிருந்தா உங்கள சும்மா விட்டுருக்காது" என்றார்.

"அந்தப் போட்டோ எப்படி வந்துச்சு? போன்ல அனுப்பினீங்களா?" என்றேன்.

டீச்சரின் தம்பி அனுப்பியது. அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். அவருக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். பின்னால் மெஷின் இரைச்சல்.

"தம்பி, அம்மா படம் எடுத்தியே, அந்தப் போன் எங்கடா?"

"எந்தப் போனு?"

"அம்மா சீக்காவறதுக்கு முந்தி எடுத்தது, சிரிக்கிற படம்டா."

"அதுவா? அது போன வருசமே அறுப்பு மெஷின் செயினுக்கு அடில போயிருச்சுக்கா. சேத்தோட சேறா. நான் அப்பவே சொன்னனே."

எங்கள் கடைப் போனுக்கு வந்த படமோ, இடம் நிறைந்துவிட்டதென்று அண்ணன் மாதாமாதம் துடைத்துவிடுகிற படங்களோடு போயிருந்தது. கம்ப்யூட்டரில் வருகிற படங்கள் விழும் ஃபோல்டரையும் அவர்தான் காலி செய்வார். நான் பெயர் கொடுத்து வைத்த டிசைன்கள் மட்டுமே மிச்சம். வேறு படம் இருக்கிறதா என்று கேட்டேன். ஆதார் அட்டையில் ஒன்று. டீச்சர் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல்தான் இருந்தது. கேமராவைக் கண்டால் அந்த அம்மா கூட்டத்தில் பின்னால் போய்விடுவாராம்.

பத்து இடத்தில் பத்திரப்படுத்தி வைத்தது எல்லாம் என்னுடைய வெளுப்பைத்தான்.

"நான் ஒரு குத்துமதிப்பா கலரைக் கொறைச்சுப் பாக்குறேன்" என்றேன்.

அன்றைக்கும் மறுநாளும் அதைத்தான் செய்தேன். ஏத்தியதை இறக்குவது அவ்வளவு லேசில்லை. வெளுப்பாக்கும்போது கன்னத்தில் இருந்த நெளிவு சுளிவெல்லாம் போய்விடும். போனது திரும்ப வராது. வெறும் வெளுப்பின் மேல் கருப்பைக் கூட்டினால் சாம்பல் பூசியதுபோல ஆகும். மஞ்சளைக் கூட்டினேன், ரோஸைக் கூட்டினேன். சின்னச் சின்னத் துண்டுகளாக ஃபிளெக்ஸில் அடித்தேன். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துண்டுகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். டியூப்லைட்டில் கலர் பார்ப்பது சரிப்படாது.

"இது மண்ணு. எங்கம்மா இல்ல." ஒரு துண்டைத் திருப்பி வைத்தார். "இது காச்சல்காரி மாதிரி இருக்கு."

மறுநாள் தம்பியும் வந்திருந்தார். தலையெல்லாம் வைக்கோல் தூசி, கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றார். அவர் ஒரு துண்டை எடுத்து, "இது சரியா இருக்குக்கா" என்றார்.

"இதுவா? இவ்ளோ செவப்பா அம்மா?"

"அம்மா மாநிறந்தானே."

"மாநிறமா? அம்மா கருப்புடா. நல்ல கருப்பு. என்னைய விடக் கருப்பு."

"ஒனக்கு என்ன தெரியும், நீதான் ஆஸ்டல்லயே கெடந்த. கடைசி மூணு வருசம் நான்தானே கூட இருந்தேன்."

"கடைசி மூணு வருசம் அம்மா ஊட்டுக்குள்ள படுத்துருந்துச்சு. வெயிலே படல. அதப் பாத்துட்டுப் பேசற."

"அதுக்குன்னு நான் பாத்தது அம்மா இல்லையா?"

இரண்டு பேரும் ரோட்டில் நின்றுகொண்டு கத்தினார்கள். டீக்கடையிலிருந்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னை நடுவில் நிறுத்திவைத்து நியாயம் கேட்டுவிடுவார்களோ என்று நான் கதவோரம் ஒதுங்கினேன். யார் சொல்வது பொய்? ஆஸ்டலிலிருந்து நடவுக்கால லீவில் வந்து பார்த்த அம்மா ஒருத்தி. சீக்காகி நிழலில் கிடந்த அம்மா ஒருத்தி. எனக்கு அலுப்பாக இருந்தது. இந்த வேலையை எடுத்ததே தப்பு, வேறு கடைக்குப் போகச் சொல்லியிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் வேறு கடையில் அந்த முகத்தைப் பார்த்ததும் முதல் வேலையாக ஏத்துவார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ரயில்வே கேட் போட்டிருந்தது. எங்கள் ஊரில் கேட் போட்டால் பாதிப் பொழுது போய்விடும். ஜன்னலுக்கு வெளியே ஒட்டி ஒரு பைக் நின்றது. ஓட்டுகிறவரின் தலை மட்டும் ஜன்னல் சட்டத்துக்குள் தெரிந்தது. யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். போனில் பேசுகிறார் என்று நினைத்தேன். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் நகர்ந்தபோதுதான் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

அப்போது எனக்கு அந்த முதல் ஃபைல் ஞாபகத்துக்கு வந்தது. கண்ணீர் அஞ்சலி. அதில் அந்த அம்மாவின் படத்தைப் பூ வைத்த ஒரு நீள்வட்டத்துக்குள் வைத்திருந்தேன். எங்கள் மென்பொருளில் ஒரு படத்தைச் சட்டத்துக்குள் அடைத்தால், வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அது வெட்டி எறிவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துத்தான் வைக்கும். சட்டத்தைக் கழற்றினால் முழுப் படமும் இருக்கும். நான் ஏத்தியது முகத்தையும் கழுத்தையும்தான். மற்றதை யார் தொட்டார்கள்?

திரும்பிப் போக முடியாது, கடை சாத்தியிருப்பார்கள். வீட்டில் தட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தப் படம் வெறும் முகம் மட்டுமாக இருந்தால்? நானே வெட்டிவிட்டுப் பிறகு சட்டத்தில் வைத்திருந்தால்? அவசர வேலை, பிணம் வீட்டில் இருக்கும்போதே பேனர் கேட்பார்கள். வெட்ட நேரம் இருந்திருக்காது என்று ஒரு மனசு. நான் எதை ஒழுங்காகச் செய்தேன் என்று ஒரு மனசு. "என்னடி, மறுபடி எதையாச்சும் சேவ் பண்ண மறந்துட்டியா" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

காலையில் போன உடனே திறந்தேன். அந்த நீள்வட்டத்தின் மேல் மவுஸை வைத்துச் சட்டத்தைக் கழற்றினேன்.

பம்புசெட்டுத் தொட்டியின் விளிம்பில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் தொட்டிச் சுவரில் தொங்குகின்றன. பக்கத்தில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். குடத்தின் வாயில் ஒரு கை. வளையல் இல்லாத, நரம்பு எழும்பிய, நகத்தோரம் சேறு காய்ந்த கை. மேலே சந்தன நிறத்தில் நான் ஏத்தி வைத்த முகம். கழுத்துக்குக் கீழே, ஜாக்கெட் கையிலிருந்து ஆரம்பித்து, வேறு ஒரு நிறம்.

டீச்சருக்குப் போன் செய்தேன். லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டார். திரையைப் பார்த்தவர் உட்காரவில்லை. திரைக் கண்ணாடியில் அந்தக் கையைத் தொட்டார்.

"இந்தக் கைதாங்க" என்றார். அண்ணன் டீ வாங்கிவரப் போனார்.

எனக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. தம்பியின் போன் மலிவான போன். அது எல்லாவற்றையும் நீலம் தட்டித்தான் எடுக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். இந்தக் கையும் நிஜக் கலர்தானா என்று எப்படித் தெரியும்? மறுபடி அக்காவும் தம்பியும் ரோட்டில் நிற்பார்கள். நான் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். டீச்சர் படத்தை மறுபடி பார்த்தார்.

"இந்தக் கொடம் இன்னும் எங்க வீட்ல இருக்குங்க."

"இதே குடமா?"

"இதேதான். அடுக்களைல அரிசி போட்டு வெச்சிருக்கோம். வெயில் படல, ஒன்னும் படல."

தம்பிக்குப் போன் போனது. அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பைக்கில் வந்தார். முன்னால் டேங்க் மேல் பச்சைக் குடம், வாயோரம் ஒரு சின்ன வெடிப்போடு. டீக்கடையிலிருந்து ஒருவர், "என்ன மாப்ள, தண்ணி வரலயா? மறியலா?" என்று கத்தினார்.

"ஆமா, நீங்களும் ஒரு கொடத்த எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் தம்பி.

கடை வாசலில் அண்ணன் தடுத்துவிட்டார். "காலிக் கொடத்தோட உள்ள வராதப்பா. யாவாரம் என்னத்துக்கு ஆவும்?"

"அண்ணே, கலர் பாக்கத்தாண்ணே."

"அதெல்லாம் சரி. அந்தப் பைப்புல ரெண்டு செம்பு புடிச்சு ஊத்திக்கிட்டு வா."

தண்ணீர் ஊற்றிய குடத்தை என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கம்ப்யூட்டர் மேல் சிந்திவிடுமோ என்று எனக்கு வேறு பயம். படத்தைச் சட்டமில்லாமல் முழுசாக ஒரு துண்டு அடித்தேன். வாசலுக்குக் கொண்டுபோய்க் குடத்தின் மேல் ஒட்டி வைத்துப் பார்த்தோம். படத்துப் பச்சையில் நீலம் ஏறியிருந்தது. நிஜக் குடம் இளசாக, இலைப் பச்சையாக இருந்தது. உள்ளே போய் நீலத்தைக் குறைத்தேன். மறுபடி துண்டு, மறுபடி வாசல். மஞ்சள் போதவில்லை. மறுபடி உள்ளே. தம்பி குடத்தைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தும் போயும் இருந்தார். படத்துக் குடமும் நிஜக் குடமும் எது எங்கே முடிகிறது என்று தெரியாத மாதிரி ஒட்டிக்கொண்டபோது வெயில் எதிர்க்கடை மாடிக்குப் போயிருந்தது.

குடம் சரியானதும் கையும் தானாகச் சரியாகியிருந்தது. முந்தி திரையில் பார்த்ததைவிடச் சூடான கருப்பு. டீச்சர் அதைத் தம்பியிடம் நீட்டினார். அவர் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். சண்டை வரும் என்று நான் காத்திருந்தேன்.

"ஆமா" என்றார்.

பிறகு, "ஆனா மூஞ்சி இவ்ளோ இருக்காதுக்கா. அம்மா நடவுல தலைக்குத் துண்டு போட்டு இழுத்து விட்டுக்கும்ல? கை வெயில்ல கெடந்த கை. மூஞ்சி ஒரு பொட்டு கம்மி" என்றார்.

டீச்சர் யோசித்தார். "அது சரிதான்" என்றார். "ஒரு பொட்டு கம்மிதான்."

அந்த ஒரு பொட்டு எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்க இன்னொரு நாள் ஆனது. காதோரத்தில் நான் வளைத்துப் பிடிக்கத் தவறிய ஒரு சின்னத் துண்டு இருந்தது. முடிக்கும் தோட்டுக்கும் நடுவில் நகக்கண் அளவு. அதுதான் தொடாத முகம். குடத்துக்காகச் செய்த திருத்தத்தில் அதுவும் தன் நிறத்துக்கு வந்திருந்தது. அதை எடுத்து, கன்னத்துக்கும் நெற்றிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பினேன். போன நெளிவு சுளிவை ஆதார் நிழலைப் பார்த்தும், கையைப் பார்த்தும், டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து "இங்க ஒரு குழி விழும்", "இந்தக் கோடு கண்ணு வரைக்கும் வராது" என்று சொல்லச் சொல்லவும் போட்டேன். முழுசாக வந்தது என்று சொல்ல மாட்டேன். என் வெளுப்பு எங்கேயோ அடியில் இன்னும் இருக்கும்.

கடைசித் துண்டை டீச்சர் வாசல் வெயிலில் ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு பின்பக்கம் திருப்பி, பேனாவால் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பரீட்சைத் தாளில் போடுகிற மாதிரியே.

"மத்ததெல்லாம் அழிச்சிருங்க" என்றார்.

"எதுங்க டீச்சர்?"

"அந்த வெள்ளைப் படமெல்லாம். இருந்தா தம்பியோ சித்தப்பா பசங்களோ வந்து அதையே போடச் சொல்லுவாங்க. அப்பறம் மறுபடியும் அதுதான் ஊருக்குள்ள நிக்கும்."

நான் மவுஸில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழிக்கிற ஃபைலில் வேறு ஏதாவது தேவைப்பட்டால்? பெயர் வரிசை, உறவுமுறை, ஊர் எல்லாம் அதில்தானே இருக்கிறது? டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுத்த வேணா எடுத்து வெச்சுக்குங்க" என்றார். எழுத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு முறையும் ஆங்கிலப் பெட்டி எழும்பி, நிச்சயமாகவா என்று கேட்டது. பென் டிரைவில் இருந்ததை, போனில் இருந்ததை, டீச்சர் பார்க்கவே அழித்தேன். வீட்டில் ஒரு பழைய டிஸ்க்கில் இன்னொன்று இருப்பது பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. போனதும் செருப்பைக் கழற்றாமல் அதையும் அழித்தேன். வீட்டுக்காரர், "ஒடம்புக்கு என்ன?" என்றார்.

புது வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். படம் கூடத்தில் இருந்தது. புது எல்.இ.டி. விளக்கு வெள்ளையாக எரிந்து அதன் மேல் நீலம் அடித்துக்கொண்டிருந்தது. பாயச டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். டீச்சர் என்னைக் கவனித்தாரோ என்னமோ, போய் அந்த விளக்கை அணைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த அம்மா சரியாக இருந்தார்.

சித்திரையில் தம்பி கடைக்கு வந்தார். வயலெல்லாம் காய்ந்து, உளுந்துச் செடி பிடுங்கி ரோட்டில் போட்டிருந்த நேரம். இரண்டாம் வருஷ நினைவு அஞ்சலி. பஸ் ஸ்டாப்பில் கட்ட வேண்டும்.

"போன வருசப் படத்தையே போட்டுருங்கக்கா. பளிச்சுன்னு இருக்கும். தூரத்துலேருந்து தெரியணும்ல."

"அது இல்லீங்க. அழிச்சாச்சு."

"நீங்களா அழிச்சீங்க?" அண்ணன் உட்பட எல்லோரும் கேட்கிற கேள்வி அது.

"உங்கக்கா சொன்னாங்க. இதுதான் இருக்கு." திரையில் திறந்து காட்டினேன்.

தம்பி பார்த்தார். "சரி, இதுல கொஞ்சம் ஏத்திக்கலாம்ல?"

கை பழக்கத்தில் வெளிச்சத்தைக் கூட்டுகிற இடத்துக்குப் போய்விட்டது. நான் மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தைச் சொறிந்தார். அறுப்பு முடிந்தும் அந்தப் பழக்கம் அவருக்குப் போகவில்லை போலிருக்கிறது.

"வேணாம் விடுங்க" என்றார். "அக்கா பாத்தா என்னைய அந்த பேனர்லயே கட்டித் தொங்க விட்டுரும்."

அவர் போன பிறகு மெஷினைப் போட்டேன். அன்றைக்கு மஞ்சள் மை சரியில்லை. வெயில் காலத்தில் துளை காய்ந்துவிடும். டீச்சர் 'சரி' போட்ட துண்டை, வெளிச்சம் பட்டால் மங்கிவிடுமென்று ஒரு பழுப்பு உறைக்குள் போட்டு மர பீரோவில் வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு, ஈரம் காயாத புதுத் துண்டை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரோஸ் தட்டியிருந்தது. உள்ளே போய்த் துளையைக் கழுவிவிட்டு மறுபடி ஒரு துண்டு அடித்தேன். அண்ணன், "செத்தவங்க பேனருக்கு எத்தன துண்டும்மா ஓட்டுவ?" என்றார். துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.